மறிக்கப்பட்ட வண்டிப்பாதையைத் திறக்க: டெல்டா விவசாயிக்கு ஒரு முழு வழிகாட்டி

தை மாதம். சம்பா முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது. அறுவடை இயந்திரம் தார்ச்சாலையில் வந்து நிற்கிறது. அதற்கு மணிக்கணக்கில் வாடகை. வயலுக்குப் போகும் வண்டிப்பாதையின் வாயிலில் போன பருவத்தில் இல்லாத கம்பிவேலி. இந்த நிலையில் வந்து நின்ற பலருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கூடவே அலைந்தும் இருக்கிறேன். பாதி வழியில் நின்றுபோன மனுக்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே காரணம்தான். அந்தப் பாதை பதிவேட்டில் என்னவாக இருக்கிறது என்று பார்க்காமலே மனு கொடுத்திருப்பார்கள். பாதையின் வகை மாறினால் சட்டம் மாறும், அதிகாரி மாறுவார், கேட்க வேண்டிய பரிகாரமும் மாறும். அதனால்தான் கீழே உள்ள படிகளை இந்த வரிசையில் வைத்திருக்கிறேன்.

வனத்துறை நிலம் இதில் சேராது. கோடியக்கரை சரணாலயத்துக்குள் நுழைவதற்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28 பிரிவுகள் தனியே இருக்கின்றன. அங்கே அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். இங்கே சொல்வது ஊர்ப் பாதை, வயல் பாதை, வாய்க்கால் கரை, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றைப் பற்றி மட்டும்.

1. முதல் நாள் செய்ய வேண்டியது

வேலியைப் பிடுங்காதீர்கள். அதைச் செய்தால் அன்று மாலையே உங்கள் மேல் காவல் நிலையத்தில் புகார் இருக்கும். பாதை வழக்கு போய் அடிதடி வழக்கு வந்துவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் ஆறு மாதம் வாய்தாவுக்கு அலைய வேண்டும்.

படம் எடுங்கள். வேலியை மட்டும் எடுத்தால் போதாது. பழைய வண்டித் தடம், பாதை ஓரத்துப் பனை, மதகு, மின்கம்பம் என நகராத அடையாளம் ஒன்று படத்தில் இருக்க வேண்டும். வேலி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பிறகு காட்டும் சாட்சி அதுதான்.

அவசரத்துக்கு வேறொருவர் வயல் வழியாக இயந்திரத்தை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பாதையை மறித்தவரிடமே "இந்த ஒரு தடவை அனுமதி கொடுங்கள்" என்று எழுதிக் கொடுக்கவோ, போகிற வழிக்குப் பணம் கொடுக்கவோ வேண்டாம். உரிமையாக நடந்த பாதையை அவர் தயவில் நடந்த பாதையாக அந்தத் துண்டுச்சீட்டு மாற்றிவிடும். இதன் முழுக் காரணம் 8ஆம் படியில் வருகிறது.

2. காலத்தைப் பாருங்கள்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். தண்ணீர் வாய்க்காலில் ஓடி, நாற்றங்கால் விட்டு, நடவு முடிந்துவிட்டால் நில அளவர் வயலுக்குள் இறங்க மாட்டார். இறங்கினாலும் சேற்றில் புதைந்த கல் கிடைக்காது. அளப்பதற்கு ஏற்ற மாதங்கள் மாசி முதல் வைகாசி வரைதான்.

ஜமாபந்தி என்று நாம் சொல்லும் வருவாய்த் தீர்வாயமும் வழக்கமாக மே, ஜூன் மாதங்களில் நடக்கும். கிராமக் கணக்குகள் முழுவதும் மேசைக்கு வரும் நேரம் அது. வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டான பசலி ஜூன் 30இல் முடிவதால் கணக்கை முடிக்கும் அவசரம் அலுவலகத்துக்கும் இருக்கும். தையில் பாதை மறிக்கப்பட்டால் மனுவை உடனே கொடுங்கள், ஆவணங்களை மாசிக்குள் எடுங்கள், பங்குனி சித்திரையில் அளவை கேளுங்கள். ஆவணம் எடுக்கவே சித்திரை ஆகிவிட்டால் அந்த ஆண்டு போய்விடும்.

3. ஆவணங்களைச் சேருங்கள்

நான்கு தாள் வேண்டும்: பாதைக்குரிய புல எண்ணின் அ-பதிவேடு (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை, யாருடையது என்று சொல்லும் கிராமக் கணக்கு) நகல், அதே எண்ணை அளவுகளோடு வரைந்த புலப்படம், கிராம வரைபடம், உங்கள் பட்டா. மறித்தவரின் பட்டா எண் தெரிந்தால் அவர் பேரில் உள்ள நிலங்களைக் காட்டும் சிட்டாவும் உதவும்.

அ-பதிவேடு, புலப்படம், சிட்டா மூன்றும் தமிழ்நாடு அரசின் நில ஆவண இ-சேவைத் தளத்தில் கிடைக்கும். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் போதும். பாதையின் புல எண் தெரியாதவர்கள் தங்கள் வயலின் புலப்படத்தைத் திறந்து, ஓரங்களில் எழுதியிருக்கும் பக்கத்துப் புல எண்களைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அ-பதிவேட்டில் பாருங்கள். பாதை அவற்றில் ஒன்றாக இருக்கும், அல்லது அவற்றில் ஒன்றுக்குள் ஓடும்.

கிராம வரைபடமும் பழைய பதிவேடும் இணையத்தில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இன்படி வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, மனுவில் கேள்வி கேட்பது. "ஏன் ஆக்கிரமிப்பை அகற்றவில்லை?" என்று கேட்டால் "இது தகவல் அல்ல" என்று ஒரு வரியில் திரும்பி வரும். இன்ன கிராமம், இன்ன புல எண், அ-பதிவேடு, புலப்படம், நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய நில அளவைப் பதிவேடு ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று பொருளைக் கேளுங்கள்.

அந்தப் பழைய பதிவேட்டை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவுகள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது சில இடங்களில் பாதையின் ஒரு பகுதி பக்கத்துப் பட்டாவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. பழையதில் பாதை, புதியதில் நன்செய் என்று இருந்தால் உங்கள் வேலை ஆக்கிரமிப்பு அகற்றல் அல்ல, பதிவுத் திருத்தம். அந்த மனு மாவட்ட வருவாய் அலுவலருக்குப் போக வேண்டும். இது தெரியாமல் இரண்டு ஆண்டு வட்டாட்சியர் வாசலில் நின்ற ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவருக்குக் கிடைத்த பதில் "பட்டா நிலம், தலையிட இயலாது." அந்தப் பதிலில் தவறில்லை. வட்டாட்சியர் கையில் இருந்த பதிவேடு அப்படித்தான் சொன்னது.

4. பாதை எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில் ஒரு முழு நாள் செலவானாலும் பரவாயில்லை. டெல்டாவில் நான் பார்த்தவரை பாதைகள் ஐந்து வகை.

முதல் வகை, தனிப் புல எண் கொண்ட புறம்போக்குப் பாதை. அ-பதிவேட்டில் புறம்போக்கு என்றும் குறிப்புக் கட்டத்தில் பாதை அல்லது வண்டிப்பாதை என்றும் இருக்கும். புலப்படத்தில் இரு முழுக்கோடுகளுக்கு நடுவே ஓடும். உங்கள் பாதை இதுவானால் பாதி வேலை முடிந்தது. தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம் 1905இன் 2ஆம் பிரிவு பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை எல்லாம் அரசின் சொத்து என்கிறது. அகற்றும் கடமை வருவாய்த்துறையுடையது.

இரண்டாவது, ஊராட்சிச் சாலை. ஊராட்சிப் பதிவேட்டில் ஏறி, கப்பியோ சிமெண்டோ போட்ட பாதைகள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன் 131ஆம் பிரிவு பொதுச் சாலையில் தடை ஏற்படுத்துவதை விலக்குகிறது. ஊராட்சி மன்றத் தலைவரே செயல் அதிகாரி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் தனி அலுவலர்.

மூன்றாவது, வாய்க்கால் கரை. டெல்டாவில் பாதை என்று நாம் நடப்பதில் பெரும்பகுதி இதுதான். பதிவேட்டில் "பாதை" என்று தேடினால் கிடைக்காது, "வாய்க்கால்" என்று இருக்கும். கரையும் வாய்க்கால் புறம்போக்குக்குள் அடங்கியது. பெரிய வாய்க்கால்களான ஏ, பி வாய்க்கால் என்றால் நீர்வளத்துறையின் பாசனப் பிரிவு உதவிப் பொறியாளருக்கும் மனு போக வேண்டும். வயலுக்குள் பிரியும் சி, டி வாய்க்கால்களை வேளாண்மைப் பொறியியல் துறையும் தூர்வாருவதுண்டு. தூர்வாருவது யாரானாலும் நிலம் அரசுடையது, ஆகவே 1905 சட்டம் பொருந்தும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கரை முதலில் தண்ணீரைக் காக்க இருப்பது, நாம் நடப்பது அதற்கு அடுத்துத்தான். கரையை வெட்டித் தணித்து டிராக்டர் இறக்கும் வழி செய்துவிட்டு, இன்னொருவர் அதே கரையில் வேலி போட்டார் என்று மனு கொடுத்தால் அளக்க வருபவர் இரண்டையும் எழுதிக்கொண்டு போவார்.

நான்காவது, பட்டா நிலத்துக்குள் ஓடும் பாதை. புலப்படத்தில் இணையாக ஓடும், விட்டுவிட்டு வரைந்த கோடுகளாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். நிலம் பட்டாதாரருடையது. நமக்கு உள்ளது நடக்கும் உரிமை மட்டும். ஆக்கிரமிப்பு என்ற சொல்லே இங்கே பொருந்தாது. இதற்கு 1882 வசதியுரிமைச் சட்டம். தீர்வு உரிமையியல் நீதிமன்றத்தில்.

ஐந்தாவது, கோயில் நிலம், மடத்து நிலம். நம் பகுதியில் இது ஏராளம். பட்டா சாமி பேரில் இருக்கும், வேலி போட்டவர் குத்தகைதாரராக இருப்பார். இந்து சமய அறநிலையத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயிலானால், நிலத்தில் உரிமையின்றி இருப்பவரை அகற்ற 1959 அறநிலையச் சட்டம் 78ஆம் பிரிவில் இணை ஆணையருக்கு மனு. வேலி போட்டவர் முறையான குத்தகைதாரர் என்றால் முதலில் செயல் அலுவலரிடம் போங்கள். குத்தகை உத்தரவில் பாதை விட்டு மீதி நிலம் என்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரே பாதை மூன்று வகையாக மாறி மாறி ஓடுவதும் உண்டு. சாலையிலிருந்து நூறடி ஊராட்சி, பிறகு வாய்க்கால் கரை, கடைசித் துண்டு ஒருவர் பட்டா. அப்போது வேலி நிற்கும் துண்டு எது என்பதே கேள்வி. மற்றவற்றை மனுவில் இழுக்க வேண்டாம்.

5. புலப்படத்தோடு வயலில் நடங்கள்

அளவரை அழைக்கும் முன் நீங்களே ஒரு முறை அளந்து பாருங்கள். நாடா, புலப்படம், கூட ஒரு ஆள் போதும்.

பழைய புலப்பட நகல்களில் அளவு சங்கிலிக் கணக்கில் இருக்கும். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 கண்ணி. ஒரு கண்ணி சுமார் 20 சென்டிமீட்டர். இன்றைய நகல்களில் மீட்டர். பழைய படத்தில் பாதைக்குக் குறுக்கே 20 என்று இருந்தால் அது 20 கண்ணி, அதாவது ஏறக்குறைய 4 மீட்டர், 13 அடி. அதை 20 அடி என்று படித்துவிட்டு மனு எழுதியவர்கள் இருக்கிறார்கள். அளவர் வந்து 13 அடியைக் காட்டியதும் மீதி ஏழடிக்காகச் சண்டை தொடங்கி, கிடைக்க வேண்டிய 13 அடியும் நின்றுபோயிற்று.

கல்லிலிருந்து அளக்கத் தொடங்குங்கள், வரப்பிலிருந்து அல்ல. ஒவ்வோர் உழவிலும் வரப்பு ஒரு கைப்பிடி நகரும். இருபது ஆண்டில் அது இரண்டடி. உங்கள் வரப்பும் அப்படி நகர்ந்திருக்கிறதா என்று அதே நாளில் பாருங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். பாதையின் ஒரு பக்கம் அவர் ஒன்றரை அடி எடுத்திருக்க, எதிர்ப்பக்கம் நீங்கள் ஓரடி எடுத்திருந்தால், முதலில் உங்கள் ஓரடியை விடுங்கள். மனு அதன் பிறகு.

6. எதிராளியிடம் தாளோடு பேசுங்கள்

ஆவணம் கைக்கு வந்த பின் ஒரு முறை நேரில் போங்கள். ஊரில் இருவருக்கும் வேண்டிய ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். மாமன் மச்சான் உறவாகவே பெரும்பாலும் இருக்கும். "அண்ணே, கணக்குல இது பாதைன்னு இருக்கு, நீங்களே பாருங்க" என்று அ-பதிவேட்டை அவர் கையில் கொடுங்கள். நிலத்தைப் புதிதாக வாங்கியவர் பலருக்கு உண்மையிலேயே தெரிவதில்லை. விற்றவர் பாதையையும் சேர்த்து நிலப் பரப்பில் காட்டி விற்றிருப்பார்.

ஒத்துக்கொண்டால் அன்றே இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் எழுதுங்கள். அதில் "அனுமதிக்கிறேன்" என்ற சொல் வரக் கூடாது. "புல எண் இன்னதில் உள்ள பொதுப்பாதையை அளந்து கல் நட இருவரும் சம்மதிக்கிறோம்" என்று இருக்கட்டும்.

7. மனு: யாருக்கு, எப்படி

புறம்போக்கு என்றால் வட்டாட்சியருக்கு. நகலைக் கிராம நிர்வாக அலுவலருக்கும் குறுவட்ட வருவாய் ஆய்வாளருக்கும் கொடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தாலும் அது சுற்றி வட்டாட்சியரிடம்தான் வரும். பயனில்லை என்று சொல்லவில்லை, பதிவு எண் கிடைக்கும். ஆனால் வட்டாட்சியருக்கு முதல் மனு, அது நகராவிட்டால் ஆட்சியருக்கு இரண்டாவது என்ற வரிசை நல்லது. ஒரே நாளில் பத்து அலுவலகத்துக்கு அனுப்பினால், ஒவ்வொருவரும் மற்றவருக்கு அனுப்பி வைத்ததாகப் பதில் எழுதுவார்கள். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டம் வாய்க்கால் கரை விவகாரத்துக்கு மிகவும் ஏற்றது. நீர்வளத்துறை, வருவாய்த்துறை இரண்டும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். கிராமம், புல எண், பதிவேட்டில் உள்ள வகை, புலப்படத்தில் உள்ள அகலம், இப்போது திறந்திருக்கும் அகலம், மறித்த நாள். பிறகு கோரிக்கை: "மேற்படி புல எண்ணை அளந்து எல்லை அத்து காட்டி, 1905ஆம் ஆண்டு சட்டப்படி ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டுகிறேன்." குடும்பப் பகை, பழைய கோயில் தகராறு, தேர்தல் கதை எதுவும் வேண்டாம். அவற்றை எழுதினால் இது தனிப்பட்ட விரோதம் என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பை மூட வசதியாகிவிடும்.

அந்தப் பாதையைப் பயன்படுத்தும் எல்லாரும் கையெழுத்திடட்டும், ஒவ்வொருவரும் தன் பட்டா எண்ணோடு. பொதுப்பாதை என்பதற்கு அதுவே சான்று. ஒருவர் மட்டும் கையெழுத்திட்ட மனு, இருவர் சண்டையாகத்தான் படிக்கப்படும். கிராமசபையில் தீர்மானம் போட முடிந்தால் போடுங்கள். குடியரசு நாள், மார்ச் 22, மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. தீர்மான எண்ணை மனுவில் சேருங்கள்.

ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். நேரில் தர மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். பின்னால் உயர் நீதிமன்றம் போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படும் தாள் இதுதான்.

அளவைக்குப் பலரும் எஃப் லைன் கட்டணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள். அது உங்கள் பட்டா நிலத்தின் எல்லையைக் காட்டுவதற்கு. அரசுப் பாதையை அளக்க வட்டாட்சியரின் உத்தரவு வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பது நல்லது. உங்கள் எல்லை முடியும் இடமும் பாதை தொடங்கும் இடமும் ஒரே கல்லில் சேரும்.

அளவை நடக்கும் நாளில் எதிராளிக்கும் அறிவிப்பு போயிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இல்லாமல் அளந்த அளவை அடுத்த கட்டத்தில் செல்லாது என்று அவரது வழக்கறிஞர் சொல்லத் தயாராக இருப்பார்.

8. அளந்த பிறகு: நோட்டீசும் கெடுவும்

ஆக்கிரமிப்பு உறுதியானால் முதலில் 1905 சட்டத்தின் 7ஆம் பிரிவு நோட்டீஸ். "ஏன் உங்களை அகற்றக் கூடாது?" என்று விளக்கம் கேட்பது. விளக்கம் வந்த பின் அல்லது கெடு முடிந்த பின் 6ஆம் பிரிவு நோட்டீஸ். அகற்றும் உத்தரவு அதுதான். இந்த இரண்டையும் தாண்டிப் பொக்லைன் வர வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். நோட்டீஸ் தராமல் அகற்றினால் எதிராளிக்குத் தடை உத்தரவு சுலபமாகக் கிடைக்கும். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

"நான் பி மெமோ கட்டியிருக்கிறேன், ரசீது இருக்கிறது" என்பார் எதிராளி. அதைக் கேட்டதும் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். பி மெமோ என்பது அரசு நிலத்தில் அனுமதியின்றி இருப்பதற்கான தண்டத்தீர்வை. அது உரிமை தராது. அது புறம்போக்குதான் என்று அவரே ஒப்புக்கொண்டதற்கு அந்த ரசீது சாட்சி. அதன் நகலையும் கேட்டு வாங்கிக் கோப்பில் சேருங்கள்.

இப்போது பட்டா நிலத்துக்குள் ஓடும் பாதை. வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வெளிப்படையாக, இடையறாது, உரிமையாக 20 ஆண்டு பயன்படுத்திய பாதைக்கு உரிமை தருகிறது. அரசு நிலத்தின் மேல் என்றால் 30 ஆண்டு. இதில் சிக்கிக்கொள்ளக்கூடிய மூன்று இடங்கள் உள்ளன. ஒன்று, சம்மதம் வாங்கி நடந்த காலம் கணக்கில் வராது. முதல் நாளே துண்டுச்சீட்டு வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான். இரண்டு, தடை வந்தது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்தால் அது ஏற்றுக்கொண்டதாகிவிடும். மூன்று, அந்த 20 ஆண்டு, வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். "பேசித் தீர்த்துக்கலாம்" என்று மூன்று போகம் கடத்தியவர்கள் இழந்தது இப்படித்தான். பேசுங்கள், ஆனால் மறிப்பை எதிர்த்து ஒரு பதிவுத் தபாலையாவது அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

வேறு வழியே இல்லாத வயலுக்கு 13ஆம் பிரிவில் தேவை கருதிய வழியுரிமை உண்டு. ஒரே நிலமாக இருந்தது பாகப்பிரிவினையிலோ விற்பனையிலோ பிரிந்தபோது உள்வயலுக்குக் கிடைப்பது அது. வேறு பாதை வந்ததும் அந்த உரிமை தீர்ந்துபோகும். எனவே புதுச் சாலை வந்துவிட்ட ஊரில் இதை நம்பி வழக்குப் போட வேண்டாம்.

9. கோட்டாட்சியரிடம் போகும் நேரம்

பொது வழியை மறித்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 2023இன் 152ஆம் பிரிவில் கோட்டாட்சியர், நிர்வாக நடுவர் என்ற முறையில், தடையை அகற்ற நிபந்தனை உத்தரவு போடலாம். பழைய சட்டத்தில் 133 என்று சொல்லி வந்தது இதுதான். 2024 ஜூலை 1 முதல் புதிய எண். பழைய எண்ணோடு அச்சிட்ட மனுப் படிவங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

எதிராளி "இது பொதுப்பாதையே இல்லை" என்று மறுத்து, அதற்கு நம்பத்தக்க சான்றும் காட்டிவிட்டால், உரிமையியல் நீதிமன்றம் முடிவு செய்யும் வரை நடுவர் நிறுத்திவைக்க வேண்டும். ஆவணமில்லாமல் இந்த வழியில் போகக் கூடாது என்பதற்குக் காரணம் அதுதான். உங்கள் கையில் புறம்போக்கு என்று சொல்லும் அ-பதிவேடு இருந்தால் அவர் காட்டும் சான்று நிற்பது கடினம்.

நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையில் தகராறு ஏற்பட்டு அமைதி கெடும் நிலை இருந்தால் 166ஆம் பிரிவு. இதில் ஒரு கெடு இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. ஆண்டு முழுதும் நடக்கும் பாதை என்றால், நடுவருக்குத் தகவல் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் அதில் நடந்திருக்க வேண்டும். பருவத்தில் மட்டும் பயன்படும் பாதை என்றால் கடைசியாகக் கழிந்த பருவத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். வயல் பாதை இரண்டாவது வகை. நடவுக்கும் அறுவடைக்கும் பயன்பட்டது என்று மனுவில் எழுதுங்கள். இயந்திர வாடகை ரசீது, நேரடி நெல் கொள்முதல் நிலையச் சீட்டு, மூட்டை ஏற்றிய டிராக்டர்காரரின் வாக்குமூலம் ஆகியவற்றை இணையுங்கள். ஒரு பருவத்தை விட்டுவிட்டால் இந்த வழி கைவிட்டுப் போகும்.

10. சுடுகாட்டுப் பாதை

பட்டியல் சாதி மக்களின் சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் நட்ட வயலில் சவத்தைத் தூக்கிப் போகும் ஊர்கள் நம் டெல்டாவில் இன்னும் இருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தவர்களுக்கு வருவாய்த்துறை நடைமுறையை மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வராது.

பொதுப்பாதையில் சவம் போவதைத் தடுப்பது குற்றம். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் 2015 திருத்தம் சேர்த்து, 2016 ஜனவரி 26 முதல் நடப்பிலுள்ள 3(1)(y), 3(1)(za) உட்பிரிவுகள் வழக்கமான வழியை மறுப்பதையும், பொதுச் சொத்து, இடுகாடு, சாலை, வழி ஆகியவற்றைச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் தண்டிக்கின்றன. புகார் காவல் நிலையத்துக்கு, நகல் மாவட்ட ஆட்சியருக்கு. விசாரணை துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் இருக்க வேண்டும்.

2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரியில், பொதுப்பாதை வழியே எடுத்துச் செல்ல உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும் ஒரு முதியவரின் உடல் அந்த வழியே போகவில்லை. ஆகவே மரணம் நிகழும் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் சவத்தை வைத்துக்கொண்டு வாங்கும் உத்தரவை நிறைவேற்ற நேரமே இருக்காது. கோடையில், யாரும் இறக்காத ஒரு வாரத்தில், பாதையை அளந்து கல் நட வையுங்கள். அரசுப் பாதையே இல்லை என்றால் ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகப் பாதைக்கு நிலம் எடுத்துத் தர ஆட்சியரிடம் கேளுங்கள்.

11. நீதிமன்றம்

மனு கொடுத்தும் நடவடிக்கை இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு. தஞ்சாவூர் மாவட்டத்தார் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் சென்னைக்கு. பெரும்பாலும் கிடைக்கும் உத்தரவு, "மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும்" என்பதாக இருக்கும். வேலியை எடுக்கச் சொல்லும் உத்தரவு என்று அதை எண்ணி ஊரில் வெடி வெடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உத்தரவின் சான்றிட்ட நகலோடு புதிய மனு ஒன்றை வட்டாட்சியரிடம் கொடுத்து, அந்த நாளிலிருந்து வாரங்களை எண்ணத் தொடங்குங்கள்.

பொது நிலம் பற்றி வாதாட 2011 ஜனவரி 28இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தந்த தீர்ப்பு கைகொடுக்கும். கிராமப் பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றி ஊருக்குத் திருப்பித் தரத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் அது சொன்னது.

பட்டா நிலப் பாதைக்கு உரிமையியல் வழக்கு. அரசையும் எதிர்வாதியாகச் சேர்த்தால் இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். ஆகவே ஆனியில் நடவுக்குப் பாதை வேண்டுமென்றால் பங்குனியிலேயே அந்த அறிவிப்பு போயிருக்க வேண்டும்.

12. திறந்த அன்று

வேலி போன அன்றே கல் நட வையுங்கள். அளவர் காட்டிய இடத்தில் இரு பக்கமும் கல் இல்லாவிட்டால் முதல் உழவில் வரப்பு மறுபடி நகரும். அத்து காட்டிய வரைபடத்தில் அளவர், கிராம நிர்வாக அலுவலர், இரு தரப்பாரின் கையெழுத்தோடு ஒரு நகல் வாங்குங்கள். அதை ஊராட்சி அலுவலகத்திலும் ஒன்று கொடுத்து வையுங்கள், அலமாரியில் உள்ளது கரையான் தின்றாலும் இன்னொன்று இருக்கும்.

அதே கோடையில் பாதையில் மண் அடித்து மேடாக்க ஊராட்சியிடம் கேளுங்கள். புல் முளைத்துக் கிடக்கும் பாதைதான் அடுத்து மறிக்கப்படும். சாலை ஊராட்சிப் பதிவேட்டில் ஏறியதா என்று ஆடிக்குள் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஏறியிருந்தால் அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.